செட்டுக்குள் ஊதிய சங்கு

"வெந்நீர்லே மட்டும் போட்டுடப்படாது, கேட்டியா? நல்ல கம்பளி நூல். சுருங்கிப் போயிடும்."

பர்வதம் தன் தம்பிக்குக் கடைசியாகச் சொன்ன புத்திமதி இதுதான். பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெங்கிடேஸ்வரன், அக்கா பின்னிக் கொடுத்த மூன்று குட்டி உறைகளையும் விரல்களில் மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் காட்டினான். தவிட்டு நிறம், வாயோரம் மஞ்சள் கரை. அப்பாவுக்கு மப்ளர் பின்னியது போக மிஞ்சிய நூல்.

"மூணாறுலே ஆடி மாசம் குளிச்சாத்தானே அக்கா வெந்நீர்!" என்றான். பிறகு ஓர் உறையின் அடியில் சுண்டுவிரலை நுழைத்து வெளியே நீட்டினான். "இதோ பார், ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கு. டைப் அடிக்கச்சே ஒரு எழுத்து தப்ப விடமாட்டாய். ஊசியிலே கோட்டை விட்டிருக்காய்."

"அடுத்த வாட்டி வரச்சே கொண்டா. எடுத்துத் தரேன்."

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த வாட்டி அவனைத்தான் கொண்டுவந்தார்கள்.

வெங்கிட்டு கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.டெக். படித்தான். வயர்லெஸ் படிப்பு. ஒரே அலைவரிசையைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டு, ஒருத்தர் பேச்சின் மேல் ஒருத்தர் விழாமல் எப்படிப் பேசுவது என்பது அவனுடைய ஆராய்ச்சி. காகிதத்தில் போட்ட கணக்கை மலையில் சோதித்துப் பார்க்க, மாட்டுப்பட்டிக்கு மேலே மஞ்சக்கல் எஸ்டேட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். தேயிலை ஃபாக்டரியில் ஒரு செட், சின்னதுரையின் பங்களாவில் ஒரு செட், கழுகுப்பாறைக்கு ஏறும்போது அவன் தோளில் ஒரு செட். ஒவ்வொன்றுக்கும் கைக்குள் அடங்கும் மைக். மைக்கின் விலாவில் ஒரு விசை. அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். மலை ஈரத்தில் மைக் பாழாகிறது என்று அவன் புலம்பியதால்தான் அக்கா மைக்குக்கு உறை பின்ன ஊசியைக் கையில் எடுத்தாள். கான்வென்டில் கற்ற கை. பாலக்காட்டு வெயிலில் கம்பளி பின்னுகிறவள் கல்பாத்தி அக்ரஹாரம் முழுக்கத் தேடினாலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடித்ததும் அவள்தான். அர்த்தம் புரியாமல் அடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வெங்கிட்டு அவளைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கிணற்றைக் காட்டினான். கல்பாத்தியில் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு, நடுவே சுவர்.

"இந்தப் பக்கம் நம்மாத்து வாளி. அந்தப் பக்கம் பக்கத்தாத்து வாளி. ரெண்டும் ஒரே சமயத்திலே இறங்கினா கயறு பின்னிக்கும். அதனாலேதான் சத்தம் கேட்டுண்டு நிக்கறோம். என் தீசிஸ் அவ்வளவுதான் அக்கா."

"யாராவது வாளியை உள்ளே விட்டுட்டுத் தூங்கிப் போயிட்டா?"

"அதுக்குச் சூத்திரம் கிடையாது," என்று சிரித்தான். "போய் எழுப்பணும்."

எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம், கொட்டுகிற மழையில் கழுகுப்பாறைக்கு ஏறியவன் வழுக்கி விழுந்து கால் முறிந்து சரிவில் கிடந்திருக்கிறான். பங்களாவுக்குப் போயிருப்பான் என்று ஃபாக்டரியில் நினைத்தார்கள். ஃபாக்டரியில் இருப்பான் என்று பங்களாவில் நினைத்தார்கள். மறுநாள்தான் தேடிப் போனார்கள். குளிரில் விறைத்துப் போயிருந்தான்.

எஸ்டேட் கொடுத்த ரிப்போர்ட் சுருக்கமாக இருந்தது. செட் பழுதில்லாமல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. ஃபாக்டரிக்கோ பங்களாவுக்கோ அழைப்பு எதுவும் வரவில்லை. மாணவனின் ஆராய்ச்சிக் கட்டுரை முந்தின வாரம்தான் குறை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதாகத் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதாததையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் கல்பாத்தியில் நிறைய உண்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசல் தாண்டியதும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள்: "கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பா. கூப்பிடவே இல்லையாமே. பாவம், மனசு வெறுத்துப் போயிட்டான் போலிருக்கு." அது அம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அம்மா வாய் திறப்பதில்லை.

பர்வதத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் கூப்பிட்டானா, இல்லையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் கொழிஞ்சாம்பாறை மருதாசலத்தைத் தேடிப் போனாள்.

மருதாசலம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்து, பிறகு தனியாகத் துப்பறிய வந்தவர். பஞ்சாலை எரிந்ததா எரிக்கப்பட்டதா என்று சாம்பலைப் பார்த்தே சொல்வார் என்று பெயர். அவருடைய உதவியாளன் மிக்கேல் மூணாற்றுக்காரன், ஜீப் டிரைவர். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தான். பேச்சை நிறுத்த முடியாததால் அவரோடேயே தங்கிவிட்டான்.

*

கார்த்திகைப் பனியில் ஜீப் மஞ்சக்கல் ரோட்டில் முக்கிக்கொண்டு ஏறியது.

"ஏனுங்க அம்மிணி," என்றார் முன்சீட்டில் இருந்த மருதாசலம். "எனக்கு வயர்லெஸ்ஸும் தெரியாது, வேதாந்தமும் தெரியாதுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த செட்டு பேசறதுக்கு எத்தன தின்னும், கேக்கறதுக்கு எத்தன தின்னும்?"

"கேக்கறதுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். பேசினாத்தான் மடக்கு மடக்கா இழுக்கும்," என்றாள் பர்வதம். இந்த வாக்கியத்தை இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறாள்.

"அப்பிடியே என்ன மாதிரி," என்றான் மிக்கேல். "கேட்டுக்கிட்டு இருன்னா ரெண்டு நாளைக்குப் பட்டினி கெடப்பேன். பேசவிட்டீகன்னா மத்தியானமே பசிச்சுரும்."

"நீ ரோட்டப் பாரு."

"ரோடு எங்க அண்ணாச்சி இருக்கு? இருந்தாப் பாக்க மாட்டனா?"

மருதாசலம் பின்பக்கம் திரும்பினார். "தம்பி அன்னிக்குக் காலையில புது பேட்டரி மாட்டிட்டுத்தான் மலை ஏறியிருக்காரு. சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா அது ரெண்டு நாளு தாங்கும்னு காலேஜுல சொன்னாங்க. செட்டத் தூக்கிட்டு எறங்கின போலீஸ்காரரை நேத்து மூணாறுல புடிச்சனுங்க. வர்ற வழியில வெளையாட்டா 'ஹலோ ஹலோ'ன்னு அமுக்கிப் பாத்திருக்காரு. வெளக்குக்கூட எரியலீன்னாரு."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. பர்வதம் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ பேசியிருக்கான்."

"பேசிப் பேசியே தீத்திருக்காருங்க. சாகணும்னு உக்காந்தவன் பேட்டரிய காலி பண்ண மாட்டான்."

நாலு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தாள். கிடைத்தபோது அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வி எழுந்தது. அவ்வளவு நேரம் கூப்பிட்டானென்றால், அது யார் காதிலும் விழாமல் போனது எப்படி?

மிக்கேல் கியரை மாற்றி ஜீப்பை மேட்டில் ஏற்றினான்.

*

ஃபாக்டரிக்குள் நுழைந்ததும் காது அடைத்தது. பச்சைக் கொழுந்தை வாட்டும் பெரிய விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. தூள் சலிக்கும் அறையின் மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் செட் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சுருளியம்மாளுக்கு. தூள் சலிப்பவள், நாற்பதைத் தாண்டியவள். வெங்கிட்டுதான் அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து உட்கார வைத்திருந்தான்.

பர்வதத்தைப் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தம்பி மொகம் அப்பிடியே இருக்கும்மா. நீங்க சொல்லவே வேண்டாம்."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். குளிர் தெரியாமல் இருக்க டிரையர் பக்கமாகவே போட்டாள். தேயிலையை வறுத்துத் தள்ளும் டிரையரின் வாயோரம், கம்பிகளில் கறுப்பு கறுப்பாக முரட்டுக் கம்பளிகள் தொங்கின. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்பவை.

"இதென்ன, ஃபாக்டரிக்குள்ள வௌவால் வளக்கீங்களா?" என்றான் மிக்கேல்.

"ஆளப் பாரு, ஒன் தலையிலயும் ஒண்ணு மாட்டுதேன்! அடமழையில நம்ம ஆளுக துணி வேற எங்கய்யா காயும்? வெந்தண்ணியில ஒரு அலசு, டிரையர் வாயில ஒரு வீச்சு. நேரத்துல காஞ்சிரும்."

மருதாசலம் மைக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு என்ன நடந்துதுங்க?"

"மத்தியானம் தம்பி மேலருந்து பேசுனாரு. 'சுருளியக்கா, சாப்பிட்டாச்சா?'ன்னாரு. 'ஆச்சு தம்பி, நீங்க பாத்து எறங்குங்க'ன்னேன். பேசிட்டு உறையப் போட்டு வச்சேன். அப்புறம் சாயந்தரம் வரைக்கும் செட்டு மூச்சே விடல. எப்பவும் கொரகொரன்னு ஒரு எரைச்சல் இருக்கும்லா, அதுகூட இல்ல. அம்புட்டு அமைதி. தம்பி பங்களாவுக்குப் போயிட்டாரு போலன்னு நெனச்சேன்."

"அந்த உறை எங்கீங்க?"

"அதத்தானய்யா நானும் கேக்கேன். அக்கா கையால பின்னுனதுன்னு தம்பி சொல்லிச்சு. கைப்புள்ள மாதிரி வச்சிருந்தேன். ஒரு தூசி ஒட்ட விடமாட்டேன். மறுநா காலையில சின்னதுரை வந்தாரு. மைக்குலருந்து உறையப் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. தொர கிட்ட ஏன்னு கேக்க முடியுமா?"

"கழட்டினாருங்களா, புடுங்கினாருங்களா?"

சுருளியம்மாள் யோசித்தாள். "புடுங்கத்தான் செஞ்சாரு."

மருதாசலம் மைக்கை ஆணியில் மாட்டினார். வெளியே வந்ததும் பர்வதத்திடம் கேட்டார்: "மொத்தம் எத்தன உறைங்க?"

"மூணு. அவனோடது சட்டைப் பையிலே இருந்தது. ஆத்துக்கு வந்துடுத்து."

"ஒண்ணு உங்க ஊட்டுல. ஒண்ணு பங்களாவுல இருக்கோணும். இங்கத்தது சின்னதுரை பையில போச்சு. ஒரு சாண் கம்பளி மேல அந்த மனுசனுக்கு என்ன ஆசை?"

"குளிருக்கு மூக்குல மாட்டிக்கிடவா இருக்கும்," என்றான் மிக்கேல். "அந்த மூக்கப் பாத்திருக்கீகளா அண்ணாச்சி? அதுக்குத் தனியா ஒரு ஃபீல்ட் ஆபீசர் வேணும்."

*

சின்னதுரை என்றால் மேனேஜருக்கு அடுத்தபடியான உதவி மேனேஜர். அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். பங்களாவின் சமையற்காரி செபமாலையம்மாள், மிக்கேலுக்குத் தூரத்து உறவாம். மூணாற்றில் மிக்கேலுக்கு உறவில்லாதவர்கள் குறைவு. அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கப் போட்டாள்.

"சித்தி, அன்னைக்கு ஆபீஸ் ரூம்ல செட்டு என்ன சொல்லிச்சு?"

"என்னத்தச் சொல்லிச்சு! மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அருவி விழுற மாதிரி எரைஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. தொர சீட்டாடிக்கிட்டு இருந்தாக, கூட்டாளிக வந்திருந்தாக. 'மழ எரைச்சல், கண்டுக்காத'ன்னுட்டாக." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மிக்கேலு, அது மழ இல்லய்யா. பேய்."

"பேய் சீட்டாட வந்துச்சாக்கும்?"

"சிரிக்காத. ஷிப்ட் முடிஞ்சு ஃபாக்டரிச் சங்கு ஊதும்லா? அன்னைக்கு ரெண்டு வாட்டி ஊதுச்சு. மொத வாட்டி செட்டுக்குள்ள. அடுத்தாப்புல வெளிய. நான் சிலுவ போட்டுக்கிட்டேன். தொரையும் தல நிமுந்து பாத்தாக. பாத்துட்டு எந்திரிச்சுப் போய் செட்ட அமத்திட்டாக."

மருதாசலம் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "செட்டுக்குள்ள முந்தி, வெளிய பிந்தி. கெட்டியாச் சொல்லறீங்களா?"

"சேசு மேல ஆணையா."

அவர் பர்வதத்தைப் பார்த்தார். விளக்கம் அவள் சொல்ல வேண்டியிருந்தது. தம்பியின் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றுகூட அவள் விரல்களுக்குத் தெரியும்.

"வயர்லெஸ் கண்ணிமைக்கறதுக்குள்ளே வந்துடும். காத்திலே வர்ற சத்தம் பள்ளத்தைத் தாண்டி மெள்ளத்தான் வரும். அதான் முன்னே பின்னே. அந்த இரைச்சல் மழை இல்லை. ஃபாக்டரி விசிறி. ஃபாக்டரி மைக்கோட விசை மத்தியானத்திலேர்ந்து அமுங்கியே இருந்திருக்கு." அவள் மைக் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக் காட்டினாள். "விசை அமுங்கியிருந்தா அந்த செட்டுக்குக் காது கிடையாது. அதனாலேதான் சுருளியம்மாளுக்கு அவ்வளவு அமைதி. இங்கே பங்களாவிலே விசிறிச் சத்தம் மத்ததையெல்லாம் முழுங்கிடும்."

கிணற்றில் ஒரு வாளி இறங்கிக் கிடந்திருக்கிறது. தூக்குகிறவர் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. விசையை விட்டுக் காதைக் கொடுத்தபோதெல்லாம், அந்தப் பாறைச் சரிவில் வெங்கிட்டுவுக்கு என்ன கேட்டிருக்கும்? இதே விசிறி. இதே சங்கு. என்ன நடந்திருக்கிறது என்பது இந்த உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் அப்போது தெரிந்திருக்கும். போய் எழுப்பக் கால் இல்லை.

"யாரு அமுக்கினது? அதானுங்க இப்பக் கேள்வி," என்று மருதாசலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெட்டிலில் தண்ணீர் தளதளத்தது. செபமாலையம்மாள் அடுப்பு மேடையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து விரலில் செருகி, சுடுகிற மூடியின் குமிழைப் பிடித்துத் தூக்கினாள். தவிட்டு நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. வாயோரம் மஞ்சள் கரை.

"அதை இங்கே தாங்கோ."

"இதாம்மா? தொர குப்பையில போட்டது. சூடு ஏறாம கெட்டியா இருக்கேன்னு எடுத்து வச்சேன்."

பர்வதம் அதைக் கையில் வாங்கினாள். அவள் பின்னிய உறைதான். ஆனால் இவ்வளவு சின்னதாக அவள் பின்னவில்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பளம் மாதிரி தடித்து இறுகிப் போயிருந்தன. கம்பளி பின்னுகிற எவளும் தொட்டவுடன் சொல்லிவிடுவாள், வெந்நீர் பட்டிருக்கிறது என்று.

டிரையர் வாயில் தொங்கிய கறுப்புக் கம்பளிகளும் சுருளியம்மாள் சொன்னதும் அவள் நினைவுக்கு வந்தன. வெந்தண்ணியில ஒரு அலசு, டிரையர் வாயில ஒரு வீச்சு. முரட்டுக் கம்பளி எத்தனை வெந்நீரையும் தாங்கும், இது தாங்காது. ஒரு தூசி ஒட்ட விடமாட்டேன்.

அவள் உறையை மருதாசலத்திடம் நீட்டினாள். சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு கதையை அவரிடம் சொல்லியிருந்தாள்.

*

பங்களாவின் ஆபீஸ் அறையில் செட் மேஜை மேல் இருந்தது. மைக்கின் மேல் மூன்றாவது உறை தொளதொளவென்று கிடந்தது. யாரும் துவைக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. பர்வதம் செட்டைப் போட்டாள். மருதாசலம் அந்த உறையை உருவிவிட்டு, சுருங்கிய உறையை மைக்கில் நுழைத்தார். நுழையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மாட்டினார். செட்டின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கையை எடுத்த பிறகும் அணையவில்லை.

"போதும்," என்று பர்வதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"யார் இவங்களை உள்ளே விட்டது?" சின்னதுரை கால்சட்டையும் சேறுமாக வந்து நின்றார்.

"பேசிட்டுப் போயிடறமுங்க," என்றார் மருதாசலம். மிக்கேல் நகர்ந்து மேஜைமேல் சாய்ந்துகொண்டான். "ஒரே ஒரு சந்தேகமுங்க. அன்னிக்கு மழை எரைச்சல்னு செட்ட அமத்தினீங்களாமா. மழைக்குள்ள சங்கு ஊதுமுங்களா?"

சின்னதுரை பூட்ஸ் சேற்றைத் தரையில் தேய்த்தார்.

"நீங்க படிச்சவரு. செட்டுக்குள்ள முந்தி ஊதினா மைக்கு எங்க தெறந்து கெடக்குதுன்னு..."

"தெரிஞ்சுது. அதுக்கென்ன?" அவர் குரல் உயர்ந்தது. "அந்த மழையில ஆளை எழுப்பி ஃபாக்டரிக்கு அனுப்பி, மைக்கைச் சரியா வைன்னு சொல்லச் சொல்றீங்களா? காலேஜ் பையன் ஒரு விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு மலையில சுத்திட்டிருந்தான். அவன் உயிர் அதுல தொங்குதுன்னு எனக்குக் கனவா வரும்?"

"வராதுங்க. மறுநாளு தெரிஞ்சுதுல்ல? உறையப் புடுங்கிக் குப்பையில போட்டுட்டு, அவன் கூப்பிடவே இல்லைன்னு எழுதினீங்களே?"

சின்னதுரை பர்வதத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, யாருக்காக மறைச்சேன்? துவைச்சு டிரையர்ல காயப்போட்டேன்னு அந்த சுருளியம்மாள் பெருமையா சொன்னா. மைக்கை நெரிச்சு மாட்டினதும் அவதான். உங்க தம்பியைக் கொன்னது அவ கை. அப்படி எழுதியிருந்தா மறுநாளே பிள்ளைகளோட லயத்து வீட்டைக் காலி பண்ணியிருப்பா. வேணும்னா இப்பவே எழுதித் தரேன். எழுதட்டுமா?"

"எழுத வேண்டியதில்லீங்க," என்றார் மருதாசலம். "மிக்கேலு, நவுரு."

மிக்கேல் மேஜையை விட்டு நகர்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க வாயத் தெறந்ததுல இருந்து ஃபாக்டரியில எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க," என்றார் மருதாசலம். "இனி அவன் கூப்பிடலைன்னு எவனும் சொல்ல முடியாது. தெரிஞ்சே செட்ட அமத்தினது யாருன்னும் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு."

சின்னதுரையின் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்தார், உட்காரவில்லை.

மருதாசலம் ஜெயித்துவிட்டார். பர்வதம் கொடுத்த வேலை முடிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் அந்தச் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் கேட்டான்னா," என்றாள் மெல்ல, "சுருளியம்மாள்?"

மருதாசலம் சட்டென்று மைக் பக்கம் திரும்பினார். சாட்சியை மட்டும் யோசித்த மனிதர். பலகைத் தடுப்புக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டான்.

பர்வதம் பாய்ந்து மைக்கை எடுத்தாள். உறை கழலவில்லை. புடுங்கத்தான் வேண்டியிருந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

செட் குரகுரத்தது. பிறகு விசிறி இரைச்சல் அறை முழுக்க வந்து நிறைந்தது. அங்கே யாரோ விசையை அமுக்கியிருக்கிறார்கள். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு குரல்.

"அம்மா... நானா?"

விசிறிச் சத்தம் நின்றது. அங்கே விசையை விட்டுவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஒருத்தர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும் என்று வெங்கிட்டு அவளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

பர்வதம் விசையை அமுக்கினாள்.

"சுருளியம்மா, நான் வெங்கிட்டுவோட அக்கா பேசறேன். அந்த நூலை வெந்நீர்லே போடப்படாது. அதை நான் அவன்கிட்டே சொல்லியிருக்கணும். சொல்ல மறந்துட்டேன். சொல்லியிருந்தா அவன் உங்ககிட்டே சொல்லியிருப்பான். நீங்க நன்னா வச்சுக்கணும்னுதான் துவைச்சேள். தப்பு என்னோடதாக்கும்."

மருதாசலம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு கதையை அவர் மறந்திருக்க முடியாது. ஆனால் அவர் அவளைத் திருத்தவில்லை.

அவள் விசையை விட்டுக் காதைக் கொடுத்தாள். குரகுரவென்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது. விசிறிச் சத்தம் மறுபடி வரவில்லை. ஃபாக்டரிச் சங்கு ஊதியபோது அது வெளியே மட்டும்தான் ஊதியது.

செட்டை அமர்த்தினாள். சுருங்கிய உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த மூன்றாவது உறையை எடுத்து மைக்கில் மாட்டினாள். அது எப்போதும்போல் லேசாக இறங்கியது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சுண்டுவிரல் நுழைந்து வெளியே வந்தது.

விட்டுப்போன கண்ணி விட்டுப்போனபடியே இருந்தது.